புதுப்பிப்பு: தெருமுனைப் பையன்களோடு வேதம் படிப்பது

முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேர வேதபாடம் என்று எழுதியிருந்தோம். அதை மாற்றிக்கொள்ளுங்கள்: வாரநாள் மாலை, 20 நிமிடம், நாலைந்து பேர், கூடவே டீ. லூக்கா 15:11-32, அதாவது சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பிவரும் இளைய மகனின் கதை போதும். பழைய மொழிபெயர்ப்பில் பன்றி தின்கிற 'தவிடு' வருமிடத்தில் நிறுத்தி, "இவனுக்கு அப்போ என்ன தோணியிருக்கும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நாம் முந்திக்கொண்டு பிரசங்கம் பண்ணினால் பையன்கள் நழுவிவிடுவார்கள். 25ஆம் வசனத்திலிருந்து வரும், தம்பியை ஏற்றுக்கொண்டதற்குக் கோபப்படும் அண்ணனையும் விடாதீர்கள். சபையார் முகம் அங்கேதான் தெரியும்.

குடி பற்றிச் சிலர் கேட்டீர்கள். தினமும் நிறையக் குடிப்பவனை ஜெபித்து ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம், முதலில் மருத்துவர். யாராவது சாகணும் என்று பேசினால், யாரிடமும் சொல்லமாட்டேன் என வாக்குக் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்தே 14416க்கு (அரசின் மனநல உதவி எண்) கூப்பிடுங்கள். 18 வயது ஆகாதவர்களிடம் ஞானஸ்நானப் பேச்சு பெற்றோருக்குத் தெரியாமல் வேண்டவே வேண்டாம்.