ஃப்ரண்ட் எண்ட் வேலைக்கு வந்த வழி: குமரி மாவட்டத்து அனுபவங்கள்

குலசேகரத்திலிருந்து:

ஃப்ரண்ட் எண்ட் வேலைக்கு, அதாவது வலைத்தளத்தில் பயனர் பார்த்துத் தொடும் பகுதியை எழுதும் வேலைக்கு, இங்கே வழி கேட்டு எழுதுகிறவர்களில் பலர், எந்தப் பயிற்சி மையத்தில் சேரலாம், வலைப்பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவியைப் படிக்க எத்தனை மாதம் ஆகும் என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் வீணான காலத்தையும், அதை மீட்டுத் தந்த இரண்டு சந்திப்புகளையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் படித்தது மெக்கானிக்கல் பொறியியல். நம் பக்கத்தில் அந்தப் படிப்பை முடித்தவனுக்கு வீட்டார் முதலில் காட்டும் திசை வளைகுடாதான். விசாவுக்காகக் காத்திருந்த நாட்களில் நாகர்கோவிலில் ஒரு மையத்தில் மூன்று மாத வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 35,000 ரூபாய்; அதற்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். இரண்டையும் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, மூன்றாம் வாரமே ரியாக்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே உணவகத் தளத்தைப் பெயரை மட்டும் மாற்றிச் சமர்ப்பித்தோம். சான்றிதழ் கிடைத்தது. அந்தத் தளத்தில் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

2019-இன் தொடக்கத்தில், கழக்கூட்டத்திலுள்ள டெக்னோபார்க்கில் ஒரு சிறு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. 1990-இல் தொடங்கிய அந்தத் தொழில்நுட்பப் பூங்கா நமக்குச் சென்னையைவிடவும் பெங்களூரைவிடவும் எவ்வளவோ பக்கம். காலையில் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். என்னிடம் பேசியவர் அனுபவமுள்ள ஒரு பெண் பொறியாளர். என் உணவகத் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மவுஸைத் தொடாமல் இந்த மெனுவைத் திறந்து காட்டுங்கள்" என்று மலையாளத்தில் கேட்டார். டேப் விசையை அழுத்திப் பார்த்தேன். தேர்வுக் குறி மெனுவைத் தாண்டிப் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் என்னை அப்போதே அனுப்பியிருக்கலாம். ஆனால் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் விளக்கினார். நான் மெனுவைத் திறக்க வைத்திருந்தது ஒரு 'டிவ்'. அது வெறும் பெட்டி. அதற்குப் பட்டன் போல நிறமும் நிழலும் கொடுத்திருந்தேனே தவிர, அது பட்டன் ஆகிவிடவில்லை. 'பட்டன்' என்ற எச்.டி.எம்.எல். குறிச்சொல்லையே எழுதியிருந்தால் டேப் விசை அங்கே நின்றிருக்கும், என்டரும் ஸ்பேஸும் அதை இயக்கியிருக்கும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும், பார்வையற்றவரின் திரை வாசிப்பான் 'இது பட்டன்' என்று சொல்லியிருக்கும். பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி கூட எழுதாமல் இவ்வளவும் கிடைத்திருக்கும். 1997 டிசம்பரில் பரிந்துரையாக வெளிவந்த எச்.டி.எம்.எல். 4-இலேயே அது இருக்கிறது. ஜேகுவெரி என்ற கருவி 2006-இல் வந்தது, ரியாக்ட் 2013-இல் வந்தது. இடையில் எத்தனையோ கருவிகள் வந்து போயின, அந்தப் பட்டன் அப்படியே நிற்கிறது. வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வருத்தத்தைவிட, மூன்று மாதத்தில் யாரும் இதைச் சொல்லவில்லையே என்ற ஆற்றாமைதான் மிஞ்சியது.

இரண்டாவது சந்திப்பு வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது. என் தாய்மாமா ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். தினமும் காலையில் அன்றைய விலை கேட்டு அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஷீட்டுக்கு ஒரு விலை, மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலுக்கு வேறு விலை. எடை, ஈரம், தரம் பார்த்துக் கணக்கு மாறும். அவருக்காக ஒரே ஒரு பக்கம் செய்து தருவது என்று முடிவு செய்தேன். மேலே அன்றைய விலை, கீழே விற்பவரின் பெயர், ஊர், எடை, தொகை. ஜூன் மழையில் பால்வெட்டு நின்றுபோகும் நாட்களில் கடையில் கூட்டம் குறைவு என்பதால், என்னோடு உட்கார அவருக்கும் நேரம் இருந்தது.

முதல் வடிவத்தைப் போனில் திறந்து கொடுத்தேன். மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகல் அது. அவர் வழக்கம்போலக் கடைவாசலுக்குப் போய், தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். "மக்களே, வெயில்ல ஒண்ணும் காணல்லியே, வெலை எங்க கெடக்கு?" என்றார். நான் அழகுக்காக வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறத்தில் விலையை எழுதியிருந்தேன். அந்த இரண்டுக்கும் உள்ள ஒளி மாறுபாட்டு விகிதம் 2.85 மட்டுமே. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் அணுகல்தன்மை நெறிமுறை. 767676 வரை அடர்த்தி கூட்டினால்தான் அந்த எல்லையையே தொட முடியும். நான் கறுப்புக்கே போய்விட்டேன். அந்த நெறிமுறையை அதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் அந்த எண் யாருக்காக எழுதப்பட்டது என்பதை மாமா வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றபோதுதான் புரிந்துகொண்டேன்.

அவர் போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவர். பெட்டிகளுக்கு நான் உயரத்தை பிக்ஸலில் கட்டிவைத்திருந்ததால், 'ஒட்டுப்பால்' என்ற சொல்லின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டது. உயரத்தை நீக்கிக் குறைந்தபட்ச உயரம் என்று மாற்றினேன். அளவுகளை, பயனர் வைத்த எழுத்தளவோடு சேர்ந்து மாறும் ரெம் என்ற அலகுக்குக் கொண்டுவந்தேன். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரி உயரத்தை 1.6 ஆக்கினேன்.

இன்னொன்றை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. ஊர்ப் பெயர்ப் பெட்டிக்கு 12 எழுத்து போதும் என்று வரம்பு வைத்திருந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒருவரின் ஊரை மாமா தட்டச்சு செய்தபோது 'மார்த்தாண்டம' என்று நின்றுவிட்டது. கடைசிப் புள்ளி ஏறவே இல்லை. நம் கணக்குப்படி மார்த்தாண்டம் ஏழெழுத்துச் சொல். ஆனால் கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ப்ரவுசருக்கு அது 13. அன்று முழுவதும் அதைத் துருவி, எழுத்துகளை நாம் எண்ணுவது போலவே எண்ணித் தரும் இன்டல்.செக்மென்டர் என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருப்பதைப் பிற்பாடு கண்டுகொண்டேன். எந்த வகுப்பிலும் வராத பாடம் இது. தமிழில் தட்டச்சு செய்யும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

அடுத்த நேர்காணலுக்குச் சான்றிதழை எடுத்துப் போகவில்லை. அந்தப் பக்கத்தையும், எதை ஏன் மாற்றினேன் என்று நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் நாள்வாரியாகப் பதிந்திருந்த குறிப்புகளையும் எடுத்துப் போனேன். முக்கால் மணி நேரமும் 'மார்த்தாண்டம' பற்றியே பேசினோம். வேலை கிடைத்தது. தொடக்கச் சம்பளம் 18,000 ரூபாய். ஐந்தாவது மாதம் வளையலை மீட்டோம்.

என்ன வரிசையில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டுக்கும் மூன்று மாதம் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து மாதம், கிட் கூடவே வரட்டும். அதன் பிறகு ரியாக்டுக்குப் போகலாம். எம்.டி.என். என்ற இணையத்தளத்தின் ஆவணங்களும் 2014-இல் தொடங்கிய ஃப்ரீகோடுகேம்ப் தளத்தின் பாடங்களும் இலவசம். பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்ற நிலை இந்தத் துறையில் இல்லை.

தக்கலையிலிருந்து:

மேலே எழுதியவர் பட்டனைப் பற்றிச் சொன்னதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எம்.சி.ஏ. முடித்த கையோடு திருமணம். அடுத்து இரண்டு குழந்தைகள். ஆறு ஆண்டுகள் வேலை இல்லை. நேர்காணலில் எல்லோரும் அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் இரவு ஒன்பது மணிக்குமேல் குழந்தைகள் உறங்கிய பிறகு படித்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் சார் என்றுதான் அழைப்போம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரை வாசிப்பானைத் தம் கணினியில் பயன்படுத்துகிறார். பள்ளி ஒன்றுக்காக நான் செய்த தமிழ்ப் பக்கத்தை அவரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். இணைப்பாக வைத்திருந்த படங்களுக்கு, படத்தைச் சொல்லால் விளக்கும் மாற்று உரை எழுதாமல் விட்டிருந்ததால் கோப்பின் பெயரை எண்களோடு ஒப்பித்தது. தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலே வாசிக்க முயன்று தடுமாறியது. பக்கத்தின் மொழி தமிழ் என்று முதல் வரியில் 'லாங்' பண்பில் 'டிஏ' என்று குறிக்காததுதான் காரணம். அதைச் சேர்த்ததும் தமிழ்க் குரல் தானாக வந்தது. சார் உடனே, "இப்போ தலைப்பு தலைப்பா தாவிப் பாக்கட்டுமாம்மா?" என்று எச் விசையை அழுத்தினார். என் பக்கத்தில் தலைப்புகளே இல்லை; எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் வைத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கை எனக்கு மறக்கவில்லை.

பிறகு ஆறு மாதம் அவரிடம் என் பக்கங்களை எல்லாம் காட்டினேன், கற்றேன். இன்று வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அணுகல்தன்மைச் சோதனை செய்கிறேன். கிடைத்த முதல் பணத்தில் சாருக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். இடைவெளி விழுந்த பெண்கள் இந்தப் பிரிவைக் கட்டாயம் பாருங்கள். இதைச் சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தவரிடம் வயதையும் இடைவெளியையும் அதிகம் கேட்பதில்லை என்பது நான் கண்டது.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து:

நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். அப்பா கடல்தொழில் செய்கிறவர். 'வேலை உறுதி' என்று சொல்லி ஒரு முகவர் எங்களிடம் 60,000 ரூபாய் வாங்கினார்; வேலையும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார் என்பதைப் பெற்றோருக்கு முதலில் சொல்லி வையுங்கள். எனக்கு வழி திறந்தது பழைய மடிக்கணினி ஒன்றாலும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய ஒரு திறமூலத் திட்டத்தில் தமிழ் மொழிபெயர்ப்புப் பிழைகளைத் திருத்தியதாலும்தான். ஆங்கிலத்தில் 'சேவ்' என்ற சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சேமிக்கவும்' நுழையாமல் வெளியே வழிந்தது. சி.எஸ்.எஸ்ஸில் இரண்டே வரி மாற்றி அனுப்பினேன். அதை ஏற்றுக்கொண்டவர்தான், மூன்று மாதம் கழித்து, தம் குழுவில் இடம் இருப்பதாக எழுதினார். பேச்சு ஆங்கிலம் எனக்கு இன்றும் திணறல்தான். எழுத்தில் தெளிவாகச் சொல்லப் பழகினேன், அது போதுமானதாக இருந்தது.

குலசேகரத்திலிருந்து, மீண்டும்:

நாகர்கோவிலில் படிக்கும் தம்பி ஒருவர், இப்போது செயற்கை நுண்ணறிவே பக்கத்தை எழுதித் தருகிறதே, இனி இதைப் படித்துப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறார். கவலை நியாயமானது, தம்பி. புதியவர்களுக்கான எளிய வேலைகள் குறைந்திருப்பதை நானே பார்க்கிறேன். அதே சமயம், எங்கள் குழுவுக்கு அப்படி எழுதப்பட்டு வரும் நிரலைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. போன வாரம் வந்த ஒரு படிவத்தில் மீண்டும் அதே டிவ், பட்டன் வேடத்தில் இருந்தது. பெயர்ப் பெட்டிக்கு மீண்டும் ஒரு குறுகிய வரம்பு. எழுதி அனுப்பிய இளைஞருக்கு அது ஏன் தவறு என்று தெரியவில்லை. கேட்டதும் காரணம் சொல்லத் தெரிந்த வேறொருவரைத்தான் நாங்கள் தேர்வின் அடுத்த கட்டத்துக்கு எடுத்தோம். கருவியைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது தரும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடியாதவரை அதை உங்கள் வேலை என்று அனுப்பாதீர்கள்.

நான் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஊருக்கு வருவேன். அன்று முற்பகல் மாமா கடையில்தான் இருப்பேன். யாருக்காவது தாம் செய்த பக்கத்தைக் காட்ட வேண்டுமானால் இங்கே தனிச்செய்தியில் எழுதுங்கள், வழி சொல்கிறேன். மடிக்கணினி வேண்டாம், போனில் திறந்து கொண்டுவாருங்கள். முதலில் மாமாவிடம் கொடுத்துப் பார்ப்போம்.