ஃபோர்மனை அலி தவிர்த்தாரா?

செந்தூல்_ரசிகன்: 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்துக்காக ஜார்ஜ் ஃபோர்மனை 8ஆம் ரவுண்டில் வீழ்த்தினார் முகமது அலி. அடுத்த ஜூலையில் நம்ம கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரோடு 15 ரவுண்ட். ஃபோர்மனுக்கு மட்டும் மறுவாய்ப்பு கடைசிவரை இல்லை. பயமா, வியாபாரமா?

பிறை_கார்னர்: 1975ஐ விட்டுடுங்க தம்பி. அந்த வருசம் ஃபோர்மன் டொரொண்டோவில் ஒரே ராத்திரி ஐந்து பேரோடு காட்சிப் போட்டி ஆடினதோடு சரி. அலியோ ரான் லைலையும் மணிலாவில் ஜோ ஃப்ரேஸியரையும் சந்திச்சார். ஓடி ஒளியுற ஆள் செய்யுற வேலையா அது? சந்தேகம் 1976லதான். ஜனவரியில் லைல் 4ஆம் ரவுண்டில் ஃபோர்மனை ரெண்டு முறை தரையில் தள்ளினார், ஆனா 5இல் விழுந்தது லைல். ஜூனில் ஃப்ரேஸியரும் 5இல் காலி. செப்டம்பரில் அலி தேர்ந்தெடுத்தது கென் நார்டனை, அதுவும் இன்னிக்கு வரை சர்ச்சையான தீர்ப்பு. அப்போ ஃபோர்மனுக்கு மறுவாய்ப்பு கொடுத்திருக்கணும். 1977 மார்ச்சில் ஜிம்மி யங்கிடம் தோத்து ஃபோர்மன் ஓய்வு, கதை முடிஞ்சது.

பட்டர்வொர்த்_ஜேப்: அசல் தவிர்ப்புன்னா 1992 ஹெவிவெயிட் சாம்பியன் ரிடிக் போ. லெனாக்ஸ் லூயிஸ்தான் கட்டாயப் போட்டியாளர், அதாவது சாம்பியன் அடுத்து மோதியே ஆகணும்னு விதிக்கப்பட்டவர். அந்த நிலையில் பேரம் படியலைன்னா ஏலம் வைப்பாங்க, அதிகத் தொகைக்கு ஏலம் கேட்ட புரொமோட்டருக்கு, அதாவது போட்டி அமைப்பாளருக்கு, அந்தப் போட்டி. மறுத்தா பட்டம் போயிடும். போ 1992 டிசம்பரில் லண்டனில் டபிள்யூபிசி (உலக குத்துச்சண்டை கவுன்சில்) பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். 1988 சியோல் ஒலிம்பிக் ஃபைனலில் இதே லூயிஸ் அவரை 2ஆம் ரவுண்டில் நிறுத்தியவர் லா!

செந்தூல்_ரசிகன்: அப்போ யாரும் கட்டாயப்படுத்தாததுதான் அலிக்கு வசதி.