650 வாட்டுக்குள் 24 ஜிபி: ஒரு 3090-ஆ, இரண்டு 3060-ஆ?

வைகைக்கரை:
நான் மதுரையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களின் ஆவணங்களை வெளியே அனுப்ப முடியாது என்பதால், 27 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரி ஒன்றை வீட்டுக் கணினியிலேயே ஓட்ட விரும்புகிறேன். 4 பிட்டாகச் சுருக்கிய பிறகும் அது 16 முதல் 17 ஜிபி வரை இடம் பிடிக்கிறது. என்னிடம் இருப்பவை ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 2020-இல் வாங்கிய 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (கணினியின் மின்வழங்கி). இன்னொரு 3060 சேர்ப்பதா, இதை விற்றுவிட்டுப் பழைய 3090 ஒன்றை வாங்குவதா? இரண்டு வழியிலும் 24 ஜிபி கிடைக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

அலைவரிசை:
தயக்கமே வேண்டாம், 3090 வாங்குங்கள். மொழி மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை (டோக்கனை) உருவாக்கும்போதும் தன் எடைகள் முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை படித்தாக வேண்டும் என்பதால், வேகத்தைத் தீர்மானிப்பது நினைவகத்தின் அலைவரிசையே, அதாவது விநாடிக்கு எவ்வளவு தரவைப் படிக்க முடியும் என்பதே. 3090-க்கு அது விநாடிக்கு 936 ஜிபி, 3060-க்கு 360 ஜிபி. 16.5 ஜிபி மாதிரியால் வகுத்துப் பார்த்தால், முதலாவதன் உச்ச எல்லை விநாடிக்கு 57 சொல்துண்டுகள், இரண்டாவதன் எல்லை 22 மட்டுமே. நடைமுறையில் இரண்டும் இதைவிடக் குறையும் என்றாலும் விகிதம் பெரிதாக மாறாது. இரண்டு 3060-களுக்கிடையே மாதிரியின் அடுக்குகளைப் பிரித்து வைக்கும்போது ஒன்று முடித்த பிறகே மற்றது தொடங்குவதால், கார்டு இரண்டானாலும் வேகம் இரட்டிப்பாகாது. மின்சாரத்திலும் வேறுபாடு இல்லை: இரண்டு 3060-கள் 340 வாட், ஒரு 3090 350 வாட். பத்து வாட்டுக்காகவா இத்தனை யோசனை?

பழையஇரும்பு:
இரண்டுமே ஆகாது என்பேன். கோல்டு என்றால் ஏறத்தாழ 90 விழுக்காடு செயல்திறன். ஆகவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் உண்மையில் 585 வாட்தான் தரும். மேலும், இரண்டு கார்டு போடும் காலம் முடிந்துவிட்டது. 2004-இல் இந்தக் கார்டுகளின் நிறுவனமான என்விடியா, இரு கார்டுகளை இணைத்து ஓட்டும் எஸ்எல்ஐ-யைக் கொண்டுவந்தபோது நானும் ஆசையாக இரண்டு வாங்கிப் பொருத்தினேன். திரையில் எண்கள் கூடின, ஆட்டமோ தடுக்கித் தடுக்கி ஓடியது. 2021 தொடக்கத்தோடு என்விடியாவே அதற்கான புதிய டிரைவர் அமைப்புகளை நிறுத்திவிட்டது.

ஓம்விதி:
பழையஇரும்பு ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டு செய்திகளும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. பெட்டியில் அச்சிட்ட 650 வாட் என்பது கணினிக்குக் கிடைக்கும் அளவு. செயல்திறன் குறைவு சுவரிலிருந்து இழுக்கும் அளவில்தான் தெரியும். முழுச் சுமையில் அது 650-க்குப் பதில் 720 வாட் அளவு இழுக்கும், அவ்வளவே. எஸ்எல்ஐ என்பது இரு கார்டுகளும் மாறி மாறித் திரைக்கான படச் சட்டகங்களை வரையும் முறை. அங்கே இரண்டு நினைவகத்திலும் ஒரே தரவு இருந்தாக வேண்டும் என்பதால் 12-உம் 12-உம் 12-ஆகவே நிற்கும். மொழி மாதிரியின் அடுக்குகளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கார்டும் தன் பங்கை மட்டும் வைத்திருப்பதால் 24 என்பது ஏறக்குறைய உண்மையான 24.

இப்போது நண்பர் அலைவரிசை போட்ட மின்கணக்குக்கு வருகிறேன். அவர் சராசரியைப் பேசுகிறார். எஸ்எம்பிஎஸ் அணைவது சராசரியால் அன்று, மின்சாரத்தின் கணநேரப் பாய்ச்சலால். 350 வாட் என்று அறிவிக்கப்பட்ட 3090, மில்லி விநாடிக் கணக்கில் 500 வாட்டைத் தாண்டுவதைப் பல சோதனைகள் பதிவு செய்திருக்கின்றன. அதனோடு பிராசசரின் 76 வாட்டையும் மற்றவற்றுக்கு 60 வாட்டையும் கூட்டினால் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். என்விடியாவே 3090-க்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைத்தது. 2022-இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதி, 16 முனை இணைப்பான் கொண்ட 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ்கள் தம் திறனைப் போல் இரு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்டதே இத்தகைய பாய்ச்சல்களுக்காகத்தான். வைகைக்கரையின் 2020 எஸ்எம்பிஎஸ் அந்த விதிக்கு முந்தையது. இரண்டு 3060-களின் பாய்ச்சல்களோ தனித்தனியானவை. அடுக்குகளைப் பிரித்து ஓட்டும்போது ஒன்று உழைக்கையில் மற்றது பெரும்பாலும் காத்திருக்கும். நண்பர் அலைவரிசை குறையாகச் சொன்ன அதே பண்பு இங்கே மின்வழங்கலுக்கு அனுகூலமாகிறது.

அலைவரிசை:
பாய்ச்சல் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 3090-ஐ முழு 350 வாட்டில் ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது? டிரைவரோடு வரும் கட்டளையிலேயே 250 வாட் வரம்பு வைக்கலாம். நினைவகமே வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலை என்பதால், கணக்கீட்டுப் பகுதிக்குக் கொஞ்சம் மின்சாரம் குறைந்தாலும் இழப்பு சிறிதே. கட்டுப்படுத்திய 3090 கூட இரண்டு 3060-களை எளிதில் முந்திவிடும்.

ஓம்விதி:
வாட் வரம்பு சராசரியைப் பார்த்துத்தான் கடிவாளம் போடுகிறது. அது விழித்துக்கொள்வதற்குள் பாய்ச்சல் வந்து போய்விடும். கடிகார வேகத்தின் உச்சத்தையே பூட்டினால் பயன் கூடுதல், அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 650 வாட்டில் 3090 ஓடக்கூடும். ஆனால் ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் அந்தக் கட்டளைகள் தவறாமல் ஓடியாக வேண்டும். வேலைக்கான கணினியை அப்படி ஒரு நூலில் தொங்கவிட நான் துணிய மாட்டேன்.

வைகைக்கரை:
மதர்போர்டின் இரண்டாவது நீள ஸ்லாட் நேரே பிராசசரோடு இணையாமல் சிப்செட் வழியாக நான்கு தரவுத் தடங்களில் மட்டுமே ஓடும் என்று கையேட்டில் இருக்கிறது. இது இரண்டாவது 3060-ஐ முடக்கிவிடாதா?

ஓம்விதி:
முடக்காது. அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, விநாடிக்குச் சுமார் 4 ஜிபி. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குக் கடப்பது சொல்துண்டு ஒன்றுக்குப் பத்துக் கிலோபைட் அளவிலான தரவுதான். மாதிரியை முதன்முதலில் ஏற்றும்போது சில விநாடிகள் கூடும். ஸ்லாட்டைவிடக் கேபிளைப் பாருங்கள்: ஸ்லாட் தருவது 75 வாட், 8 முனை இணைப்பான் 150 வாட். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எத்தனை 8 முனை இணைப்பான்கள் வருகின்றன, அவை தனித்தனிக் கேபிளா, ஒரே கேபிளின் இரண்டு கிளைகளா?

வைகைக்கரை:
திறந்து பார்த்தேன். இரண்டு தனிக் கேபிள்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கிளைகள். ஆக மொத்தம் நான்கு 8 முனை இணைப்பான்கள்.

அலைவரிசை:
அப்படியானால் 3090-க்கும் கேபிள் உண்டு, மூன்று 8 முனை கேட்கும் மாடலை மட்டும் தவிர்த்தால் போதும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படம் உருவாக்கும் நிரல்களும் சிறு பயிற்சி வேலைகளும் பெரும்பாலும் ஒரே கார்டில் முழு நினைவகம் இருப்பதையே எதிர்பார்க்கின்றன. நாளை உங்கள் மொழிபெயர்ப்புகளைக் கொண்டே ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்க நினைத்தால், 12-ஆகப் பிளந்த 24 ஜிபி கையைக் கட்டிப்போடும்.

ஓம்விதி:
பயிற்சியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி; அந்த வேலைதான் முதன்மை என்றால் நானும் 3090 பக்கம் வந்துவிடுவேன், புதிய 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் விலையையும் சேர்த்துக்கொண்டு. ஆனால் பழைய 3090-இல் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதன் 24 நினைவகச் சில்லுகளில் 12 பலகையின் பின்புறத்தில், விசிறியின் காற்று நேராகப் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முந்தைய உரிமையாளர் அதைக் கிரிப்டோ நாணயச் சுரங்க வேலைக்கு ஓட்டியிருந்தால், மதுரைச் சித்திரை வெயிலில் அந்தப் பின்புறத்தின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

பழையஇரும்பு:
வாட் கணக்கில் நான் தவறியதை ஓம்விதி திருத்தியதற்கு நன்றி. ஒன்று மட்டும்: 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் 2022 இறுதியில் வந்தது, அதன் அலைவரிசை 240 ஜிபி. பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

வைகைக்கரை:
என் வேலை இரவில் ஓடவிட்டுக் காலையில் திருத்துவது என்பதால், விநாடிக்கு 15 சொல்துண்டுகள் வந்தாலே போதும். இன்னொரு 12 ஜிபி 3060 வாங்கி, கார்டுக்கு ஒரு தனிக் கேபிள் என்று பொருத்துகிறேன்.

அலைவரிசை:
போதும் என்பது முதல் மாதப் பேச்சு. இரண்டும் ஓடும்போது சுவரில் அளவுமானி வைத்து எத்தனை வாட் இழுக்கிறது என்று மட்டும் இங்கே எழுதுங்கள். 300-க்குக் கீழே வந்தால் ஓம்விதி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.