பெங்ட் வெஸ்டர்பெர்க்: தோற்ற தலைவரா, வென்ற அமைச்சரா?

வடதிசை வாசகன் கேட்கிறார்:
ஸ்வீடனின் மக்கள் கட்சிக்கு (இன்றைய லிபரல் கட்சி) 1983 முதல் 1995 வரை தலைவராக இருந்த பெங்ட் வெஸ்டர்பெர்க்கை எப்படி மதிப்பிடுவது? 1982இல் 5.9 விழுக்காடு வாக்குகளோடு துவண்டு கிடந்த கட்சி, இவர் தலைமையில் சந்தித்த முதல் தேர்தலிலேயே 14.2 விழுக்காட்டுக்குத் தாவியது. அதன்பின் 12.2, 9.1, 7.2 என இறங்குமுகம்தான். ஆனால் 1991 முதல் 1994 வரை கார்ல் பில்ட் அமைச்சரவையில் துணைப் பிரதமராகவும் சமூக நல அமைச்சராகவும் இருந்தபோது அவர் செய்தவை இன்றும் பேசப்படுகின்றன. தலைவராகத் தோற்று அமைச்சராக வென்றவர் என்று கொள்ளலாமா?

கணக்காயன்:
பெரும்பாலோர் முதலில் நினைவுகூர்வது சட்டங்களை அல்ல, ஒரு சோபாவைத்தான். 1991 செப்டம்பர் 15, தேர்தல் இரவு. குடியேற்றத்தைச் சாடி வளர்ந்த புதிய ஜனநாயகக் கட்சியின் இயான் வாக்ட்மெய்ஸ்டரும் பெர்ட் கார்ல்சனும் தொலைக்காட்சி அரங்குக்குள் வந்து அமர்ந்தபோது, வெஸ்டர்பெர்க் எழுந்து வெளியேறிவிட்டார். கொள்கை உறுதி என்று பாராட்டியவர்களும் உண்டு, வாக்காளர்களை அவமதித்தார் என்றவர்களும் உண்டு. ஆனால் கணக்கு வேறு கதை சொன்னது: 349 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் பில்டின் நான்கு கட்சிக் கூட்டணிக்கு 170 இடங்களே கிடைத்தன, புதிய ஜனநாயகத்திடம் 25 இருந்தன. எவரோடு உட்கார மறுத்தாரோ, அவர்களுடைய தயவில்தான் அவர் இடம்பெற்ற அரசு பல வாக்கெடுப்புகளைக் கடக்க வேண்டியிருந்தது. எழுந்து போனதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது அநியாயம்.

தென்றல்:
நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை சட்டங்களில்தான் இருக்கிறது. முதலாவது, தந்தையர் மாதம். அதுவரை பெற்றோர் விடுப்பு முழுவதையும் தந்தை தாய்க்கே எழுதிக் கொடுத்துவிட முடிந்தது. நடைமுறையில் நடந்ததும் அதுவே. 1995 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு மாதம் மாற்ற முடியாதபடி ஒதுக்கப்பட்டது: தந்தை எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கே இல்லாமல் போகும். இது கூட்டணிக்குள் நடந்த பேரம் என்பதையும் மறக்கக் கூடாது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி விரும்பிய குழந்தை வளர்ப்பு உதவித்தொகைக்கு இசைந்து, பதிலாக இதை அவர் பெற்றார். 1994 தேர்தலுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த சமூக ஜனநாயகக் கட்சி அந்த உதவித்தொகையை ரத்து செய்தது. தந்தையர் மாதத்தைத் தொடவில்லை, 2002இல் அதை இரண்டாக உயர்த்தவும் செய்தது. பின்னர் 2016இல் அது மூன்றானது.

இரண்டாவது, 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உதவிச் சட்டம். கடுமையான குறைபாடு உள்ளவர், தம்மைக் குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் வெளியே அழைத்துச் செல்லவும் யார் வர வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்யலாம். உதவியாளரின் ஊதியத்தை அரசு ஏற்கும். அதுவரை நகராட்சி அனுப்பும் ஆளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்காயன்:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பெருமை முழுவதும் அவருக்கே உரியதன்று. உதவிச் சட்டத்துக்கு வழிவகுத்த ஆய்வுக்குழுவை அமைத்தது முந்தைய சமூக ஜனநாயக அரசு. தனிப்பட்ட உதவியாளர் என்ற கருத்தை ஸ்டாக்ஹோமில் 1980களிலேயே நடைமுறையில் காட்டியவர்கள் அடால்ஃப் ராட்ஸ்கா போன்ற மாற்றுத்திறனாளிகள். வெஸ்டர்பெர்க்கின் பங்கு, ஸ்வீடன் நாணயமான கிரோனாவின் மதிப்பைக் காக்க 1992 செப்டம்பரில் மத்திய வங்கி வட்டியை 500 விழுக்காடாக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றிய, எல்லாத் துறையிலும் செலவை வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், இந்தச் செலவை மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிறைவேற்றியதுதான். என் பார்வையில் அதுவே அவருடைய மிகக் கடினமான சாதனை.

வடதிசை வாசகன்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் 7.2 விழுக்காட்டைக் கொண்டு அவரை அளப்பதை விட்டுவிடுகிறேன். உதவிச் சட்டத்தால் பயன்பெற்றவர்கள் எண்ணிக்கையில் சிலரே. அவர்கள் வாக்கு தேர்தலைத் திருப்பியிருக்காது. அடுத்து, 1995இல் பொறுப்பேற்ற மரியா லெய்ஸ்னரின் காலத்தைப் பற்றிப் படிக்கலாம் என்றிருக்கிறேன்.