சரசாலைக் குடும்பம் (கனடா): குமார் வீட்டுச் சைன்

13 ஏப்ரல் 2025, ஞாயிறு

குமார்: (படம்)

குமார்: எல்லாரும் பாருங்கோ. எங்கள் வீட்டுத்தொகுதியின் கொண்டோ மனேஜ்மென்ட் கடிதம். முன் புல்லில் நிற்கிற தேர்தல் சைன் பலகையைச் செவ்வாய்க்கு முதல் எடுக்கவேணுமாம். இல்லையென்றால் தாங்களே பிடுங்கி, கூலியை மாதக் கட்டணத்தோடு சேர்ப்பார்களாம்.

தர்ஷி: ஐயோ

சுதன்: எந்தச் சைன்?

குமார்: லிபரல் கட்சிச் சிவப்பு. ஒன்றுதானே வைத்தோம்.

ரஞ்சன் பெரியப்பா: நல்ல கடிதம்.

தர்ஷி: பெரியப்பா!!

வசந்தா மாமி: குமார், நாளைக்கு வருசப்பிறப்புச் சாப்பாடு உன் வீட்டில்தானே? வடைக்கு உழுந்து ஊறப்போட்டுவிட்டேன்.

குமார்: ஓம் மாமி, அதில் மாற்றமில்லை. பாலா சித்தப்பா, இவர்கள் இப்படிச் சொல்லலாமோ?

பாலா சித்தப்பா: பாதி உன் பக்கம், பாதி அவர்கள் பக்கம். கனடா தேர்தல் சட்டத்தில் 322ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தேர்தல் காலத்தில் ஒருவர் தன் யூனிட்டில் சைன் வைப்பதைக் கொண்டோ நிர்வாகம் தடுக்கமுடியாது. வாடகைக்கு இருப்பவர் வைப்பதை வீட்டுக்காரரும் தடுக்கமுடியாது. அளவு, வகை என்று நியாயமான நிபந்தனை போடலாம். ஆனால் தொகுதியில் எல்லாருக்கும் பொதுவான இடத்தில் வைக்கவே கூடாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. உனக்கு இடிக்கிறது இந்தக் கடைசி விஷயம்தான். உன் கதவுக்கு முன்னால் இருக்கிற புல்லை யார் வெட்டுவது?

குமார்: மனேஜ்மென்ட் ஆட்கள்

பாலா சித்தப்பா: அப்ப அது பெரும்பாலும் தொகுதியின் பொது இடம். வீடு வாங்கும்போது லோயர் தந்த கொண்டோ டிக்ளரேஷன் பத்திரத்தில் யூனிட்டின் எல்லை எது என்று எழுதியிருக்கும். முதலில் அதை எடுத்துப் பார். புல்லு உன்னுடையது இல்லையென்றால் சண்டை பிடிக்காதே, ஜன்னலுக்கு உள்பக்கம் வை. அது உன் வீடு. அங்கிருந்து எடு என்று ஒருவரும் சொல்லமுடியாது.

சுதன்: சித்தப்பா டைப் பண்ணுகிற நேரத்துக்குள் தேர்தலே முடிந்துவிடும்

வசந்தா மாமி: பொறு பாலா. வாடகைக்கு இருப்பவரைத் தடுக்கமுடியாதோ? என் பேஸ்மென்ட் பெடியன் ஜன்னலில் கன்சர்வேட்டிவ் நீலச் சைன் வைத்திருக்கிறான். மேலே புல்லில் என் சிவப்பு. கோயிலால் வருகிற சனம் எல்லாம் கேட்கிறது, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று.

ரஞ்சன் பெரியப்பா: நல்ல பெடியன். நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா.

வசந்தா மாமி: இன்றைக்கே கழற்றப்போகிறேன்.

பாலா சித்தப்பா: அக்கா, கையே வைக்காதேங்கோ. அவன் அனுமதியில்லாமல் அதைக் கழற்றுவது 325ஆம் பிரிவில் குற்றம்.

வசந்தா மாமி: ஜன்னல் என்னுடையது!

பாலா சித்தப்பா: வாடகை வாங்குகிறவரைக்கும் அது அவன் வீடு அக்கா.

சுதன்: அம்மா அந்தப் பெடியன் பனி எல்லாம் தள்ளினவன். விடுங்கோ.

தர்ஷி: எனக்கு இந்தச் சைனே பிடிக்காது. பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலுக்கு ஒரு குவியல் பிளாஸ்டிக், இப்ப ஏப்ரல் 28 மத்திய தேர்தலுக்கு இன்னொன்று. சைனைப் பார்த்து யார் வோட்டை மாற்றினது?

சுதன்: பெப்ரவரியில் நிலம் உறைந்து கம்பியே இறங்கவில்லை. பனிக்குவியலில்தான் குத்தினோம். ஒரு வெயிலுக்கு எல்லாம் சரிந்தது

குமார்: வோட்டை மாற்ற இல்லை தர்ஷி. இந்தத் தெருவில் எங்கள் ஆட்களும் வோட் போடுகிறோம் என்று தெரியவேணும்.

வசந்தா மாமி: அவன் சொல்வது சரி. ஊரில் ஒரு கட்சியின் நோட்டீஸ் படலையில் ஒட்டிக்கிடந்தாலே எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. யார் ஒட்டினது, யார் வந்து கேட்பான் என்று உங்கள் அம்மம்மா விடியமுதல் தண்ணீர் ஊற்றிச் சுரண்டுவா. இங்கே நான் விரும்பினதை வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறேன். எனக்கு அது பெரிய விஷயம் பிள்ளை.

தர்ஷி: ம்ம். அம்மம்மா சுரண்டினது எனக்குத் தெரியாது மாமி

பாலா சித்தப்பா: அந்தப் பெடியனுக்கும் அதுதானே அக்கா.

வசந்தா மாமி: சரி சரி.

வசந்தா மாமி: ரஞ்சன் அண்ணை மட்டும் பகிடி விடவேண்டாம். 2011இல் ராதிகா சிற்சபைஈசன் நின்றபோது எங்கள் வீட்டில் அவவின் என்டிபி கட்சிச் செம்மஞ்சள் சைன் வைத்தோம் என்று எங்கள் வாசலே மிதிக்காமல் இருந்தவர். அந்தப் பிள்ளை வென்று முதல் தமிழ் எம்பியாகப் போனபோதும் ஒரு போன் இல்லை.

ரஞ்சன் பெரியப்பா: அது சைனுக்காக இல்லை. காணிக் கதைக்காக.

தர்ஷி: காணிக் கதை இந்தக் குழுவில் வேண்டாம் ப்ளீஸ்

சுதன்: நாளைக்கு விசிட்டர் பார்க்கிங் எத்தனை குமார்?

குமார்: நாலு. பெரியப்பா வீடும் நீங்களும் ஒரு காரில் வந்தால் நல்லது.

(வசந்தா மாமி ஒரு செய்தியை நீக்கினார்)

சுதன்: சித்தப்பா, வோட் போடுகிற நாளிலும் சைன் நிற்கலாமோ?

பாலா சித்தப்பா: நிற்கலாம். வாக்குச்சாவடி இருக்கிற இடத்தில் மட்டும் கூடாது. ரொறன்ரோ மாநகரச் சட்டப்படி வாக்களிப்பு முடிந்து 72 மணிக்குள் எடுத்துவிடவேணும். ரோட்டு நடுத்திட்டிலும் பூங்காவிலும் எப்பவுமே கூடாது. அதோடு முன்கூட்டிய வாக்களிப்பு 18 முதல் 21 வரை. பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் லீவுதானே, அப்பவே எல்லாரும் போய்ப் போட்டுவிடுங்கோ. சைனைப் பற்றி இவ்வளவு கதைத்துவிட்டு வோட் போடாமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

குமார்: ஜன்னல் வேண்டாமாம். வீட்டில் மதி சொல்கிறா, திரைச்சீலை போன கிழமைதான் போட்டது.

தர்ஷி: மேல்மாடி ஜன்னல்?

குமார்: அது பிள்ளைகளின் அறை. கேட்டுப் பார்க்கிறேன்

ரஞ்சன் பெரியப்பா: குமார், ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வந்ததோ, சைன் வைத்த எல்லா வீட்டுக்கும் வந்ததோ?

குமார்: தெரியாது பெரியப்பா. மூலை வீட்டில் நீலம் நிற்கிறது.

ரஞ்சன் பெரியப்பா: போய்க் கேள். அந்த வீட்டுக்கு வராமல் உனக்கு மட்டும் வந்திருந்தால் நானே உன்னோடு மனேஜ்மென்டுக்கு வருகிறேன். உன் கட்சிக்கு நான் வோட் போடமாட்டேன், அது வேறு கதை.

பாலா சித்தப்பா: அண்ணை சொல்வது சரியான கேள்வி. ஆனால் டிக்ளரேஷனையும் பார்க்கவேணும்.

குமார்: அந்தப் பெட்டி கராஜில் எங்கேயோ கிடக்கிறது. செவ்வாய்க்கு முதல் தேடுகிறேன்.

சுதன்: அதுவரைக்கும் சைன்?

குமார்: நிற்கட்டும்

தர்ஷி: எடுத்து உள்ளே வை அண்ணா, கூலி போடப்போகிறார்கள்

வசந்தா மாமி: நிற்கட்டும். தர்ஷி, பாயாசத்துக்குச் சவ்வரிசி நீயா நானா?