கேள்வியை இவர் வழியாகக் கேட்டு அனுப்பினேன், 4 மாதத் தொழுகை போனது

உம்மு ஹம்தான்:
அஸ்ஸலாமு அலைக்கும். காப்பர் டி வைத்தபின் மாதவிடாய் நாள் கணக்கு குழம்பும் என்பது இங்கே பலருக்கும் தெரியும், அதை விளக்கவில்லை. எனக்கு வழக்கம் 7 நாள். அது 22 நாள் இழுத்தது, கடைசி இரண்டு வாரமும் வெறும் கறைதான். தொழலாமா என்று பள்ளிவாசல் ஆலிமான ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொல்லி என் கணவரை அனுப்பினேன். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே "கூடாதாம்" என்றார். அவ்வளவுதான், 4 மாதம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு ஆலிமாவிடம், அதாவது மார்க்கம் படித்த பெண்ணிடம், பேசினேன். எடுத்ததுமே "எத்தனை நாள்? என்ன நிறம்? வைப்பதற்கு முன்னால் வழக்கம் எத்தனை?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. 7 நாள்தான் ஹைளு (மாதவிடாய்), மிச்சம் இஸ்திஹாளா (மாதவிடாய் அல்லாத உதிரப்போக்கு), தொழுதிருக்க வேண்டும் என்றார். அன்று இரவு இவரிடம் சரியாக என்ன கேட்டீர்கள் என்றேன். "ரத்தம் வரும்போது தொழலாமா என்றுதான் கேட்டேன், மற்றதைச் சொல்ல வெட்கமாக இருந்தது." ஹஜ்ரத் சொன்னதில் தப்பே இல்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

உம்மு ஸல்மா:
எனக்கு நிஃபாஸில், அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கில், இதே கதை. 23-வது நாளே நின்றுவிட்டது, பஞ்சு வைத்துப் பார்த்தேன், சுத்தம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் முசல்லாவை (தொழுகை விரிப்பை) காணோம், மாமி மடித்து அலமாரி மேலே வைத்திருந்தார். "40 முடியட்டும்மா." 40 என்பது ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அதிகபட்ச எல்லை, ஷாஃபியில் 60 வரைகூடப் போகும், குறைந்தபட்சம் என்று நாள் கணக்கே கிடையாது, நின்றதும் குளித்துத் தொழ வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ரமலான் கடைசிப் பத்து வேறு. பக்கத்து அறையில் எல்லோரும் தொழ, நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உம்மு யாசிர்:
முதலில் எழுதிய சகோதரிக்கு: கணவரைச் சொல்லி என்ன, நீங்களே கேட்டிருக்கலாமே. நபித்தோழி ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் நேராகவே போய், எனக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடவா என்று கேட்கவில்லையா? அது ரத்த நாளத்திலிருந்து வருவது, ஹைளு அல்ல என்று பதில் கிடைத்தது அவர் வாய் திறந்ததால்தானே. எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது, நானே போன் போட்டுக் கேட்டேன், ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. எல்லோருக்கும் சொல்கிறேன், ஒரு நோட்டு வையுங்கள். தொடங்கிய தேதி, நேரம், நிறம், நின்ற தேதி. அது இல்லாமல் எந்த ஆலிமும் உங்களுக்குக் கணக்குச் சொல்ல முடியாது. ஹனஃபியில் ஹைளு 3 முதல் 10 நாள், ஷாஃபியில் ஒரு நாள் முதல் 15 நாள், எந்த மத்ஹபில் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இஸ்திஹாளா என்றால் வக்து (தொழுகை நேரம்) வந்த பிறகு கழுவி, பேட் மாற்றி, உளூ செய்து தொழ வேண்டும், ரமலானில் நோன்பும் உண்டு. இன்னொன்று, காப்பர் டி வைத்த முதல் 3 முதல் 6 மாதம் அதிகம் போவது சகஜம்தான், ஆனால் மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ தலை சுற்றினாலோ ஃபத்வாவுக்குக் காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

பெயர் வேண்டாம்:
உம்மு யாசிர், எல்லோருக்கும் ஐந்து நிமிடத்தில் தீர்வதில்லை. நானும் ஒரு ஆலிமிடம் நேராகத்தான் கேட்டேன். 9 வாரத்தில் கரு கலைந்துவிட்டது. ஹனஃபியில் உறுப்பு ஏதாவது உருவாகியிருந்தால்தான் அது நிஃபாஸ், ஷாஃபியில் சதைக்கட்டி ஆனாலும் நிஃபாஸ்தான். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று போனில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உறுப்பு எதுவும் தெரிந்ததா?" நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை ஊற்றிவிட்டேன். சட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஆறுதலாக ஒரு இன்னா லில்லாஹி சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டுக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், அஸர் வக்து போனதுகூடத் தெரியவில்லை.

உம்மு ஹம்தான்:
இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சகோதரி, அல்லாஹ் உங்கள் மனதுக்கு ஆறுதல் தரட்டும். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

உம்மு யாசிர், நான் இவரைக் குறை சொல்லவில்லை, சொல்லி அனுப்பியது நான்தானே. மாதம் 15 நாள் வீதம் 60 நாள், 300 வக்து களா, விட்டதை ஈடுசெய்யும் தொழுகை. ஒவ்வொரு ஃபர்ளு (கடமையான) தொழுகைக்குப் பிறகும் ஒன்று தொழுது நோட்டில் கோடு போடுகிறேன். நேற்று இஷாவோடு 190. இப்போதெல்லாம் ஆலிமாவுக்கு நானேதான் போன் போடுகிறேன், இவர் எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார்.