காரீயப்பற்று: ‘லெட் ஃபவுலிங்’ என்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

வார்ப்புக் குண்டைச் சுடும்போது துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் காரீயம் ஒட்டிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘லெட் ஃபவுலிங்’ என்பார்கள். அதற்கு ‘ஈயப்படிவு’ என்ற சொல் பொருந்தாது என்பது என் கருத்து. வார்ப்புக் குண்டின் கலவையில் காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் உண்டு. அமெரிக்காவில் புழங்கும் லைமன் 2ஆம் எண் கலவையில் 90:5:5. பாத்திரத்துக்குப் பூசுவதும் ஈயம்தான், அது வெள்ளீயம். ஆகவே வெறும் ‘ஈயம்’ போதாது.

‘படிவு’ வெடிமருந்துக் கரிக்குச் சரி, துடைத்தால் போய்விடும். காரீயம் அப்படியல்ல. குழலின் உள்ளே சுருளாக வெட்டிய பள்ளங்களின் விட்டத்தைவிடக் குண்டு சிறுத்திருந்தால், சூடான வாயு இடுக்கில் பீறிட்டுக் குண்டின் ஓரத்தை அரித்து, அரித்ததைக் குழலின் சுவரில் பற்றாசு போல ஒட்டிவிடுகிறது. அதனால் ‘காரீயப்பற்று’ என்கிறேன்.

தடுப்பதும் அளவில்தான் தொடங்குகிறது. எண்ணெய் தடவிய குழலில் மென்மையான காரீயத் துண்டைப் பித்தளைக் கம்பியால் தள்ளி எடுத்து, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கான குழலில் பள்ள விட்டம் 0.357 அங்குலம் என்றால் குண்டு 0.358 இருக்கட்டும். ரிவால்வரில் சிலிண்டரின் வாய் அதைவிடக் குறுகல் என்றால் குண்டு அங்கேயே சிறுத்துவிடும். பெரிதாக வார்த்தும் பயனில்லை. 9 மி.மீ. தோட்டாவில் உறையின் அடிப்பகுதி தடிமன். ஆழமாக இறக்கிய குண்டை அது நெருக்கிவிடும். சுடுவதற்கு முன் ஒரு தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி அளந்துவிடுங்கள்.

கலவையைக் கடினமாக்கினால் எல்லாம் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் குறைந்த அழுத்தத்தில் கடினமான குண்டின் அடி விரிந்து இடுக்கை அடைக்காது. பற்று இன்னும் கூடும்.

மறுமொழி:

ஐயா, ‘பற்று’ கணக்கு வழக்கிலும் இருக்கிறதே என்று தயங்கினேன். ‘காரீயம்’ முன்னே நிற்பதால் குழப்பம் வராது, ஏற்கிறேன். இடத்தையும் சேர்த்தால் காரணமே தெரிந்துவிடும். தோட்டா அறையை ஒட்டி வருவது ‘அடிப்பற்று’: பெரும்பாலும் குண்டின் அளவு சிறிது. குழல் வாயருகே வருவது ‘முனைப்பற்று’: குண்டில் பூசிய மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது, அல்லது தரமில்லை.

எடுப்பதற்குப் ‘பற்று சுரண்டல்’ எனலாம். வெண்கலத் தூரிகையில் செப்பு நாரைச் சுற்றித் தேய்த்தால் காரீயம் செதில் செதிலாக வரும். நாரைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செப்பு முலாம் பூசிய எஃகு, குழலைக் கீறிவிடும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து கரைக்கும் முறையைக் கலைச்சொல் விளக்கத்தில் சேர்க்க வேண்டாம். அதில் உண்டாகும் காரீய அசிட்டேட் நீரில் கரையும் நஞ்சு.